ஒரு ஃபைலா, ஒன்பது ஃபைலா?

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு டீம் பிரிச்சாச்சா? ஒருத்தர் ஆண்ட்ராய்டு ஆப், ஒருத்தர் வெப்சைட், ரெண்டு பேர் சர்வர். சூப்பர். இப்போ ஒரே ஒரு கேள்வி பாஸ். ஆப்ல இருந்து ஆர்டர் போகும்போது விலையை 'பிரைஸ்'னு அனுப்பணுமா, 'அமவுன்ட்'னு அனுப்பணுமா? இதை எங்கே எழுதி வெச்சிருக்கீங்க? 'வாட்ஸ்அப் குரூப்ல'ன்னு பதில் வந்தா, வைவாவுக்கு முந்தின ராத்திரி உங்க டீமுக்குத் தூக்கம் கிடையாது.

இந்தத் தலைவலிக்கு மருந்துதான் ஏ.பி.ஐ. டெஃபனிஷன் ஃபைல். எந்த முகவரிக்கு என்ன அனுப்பணும், என்ன திரும்பி வரும், சொதப்பினா எந்த எர்ரர் நம்பர் வரும்னு மனுஷனும் மெஷினும் படிக்கிற மாதிரி யாமல்லயோ ஜேசன்லயோ எழுதி வைக்கிற ஒப்பந்தம் அது. 2011-ல 'ஸ்வேக்கர்'ங்கிற பேர்ல வெளியாகி, 2015-ல லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடைக்குள்ள வந்து, 2016-லருந்து 'ஓப்பன் ஏ.பி.ஐ.'னு பேர் மாத்திக்கிட்ட ஸ்டாண்டர்டுதான் இதுல ரொம்பப் பிரபலம். ஃபைலை ஒழுங்கா எழுதிட்டா, அதுலருந்தே டாக்குமென்டேஷன் பேஜ், டெஸ்ட் பண்ண டம்மி சர்வர், ஆப்புக்கான கோடு எல்லாத்தையும் டூல்ஸ் வெச்சே எடுத்துக்கலாம்.

எல்லாம் நல்லாத்தான் போகும், ஃபைல் குண்டாகிற வரைக்கும்! ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு ஒரு ஆப் பண்றீங்கன்னு வைங்க. லாகின், மெனு, ஆர்டர், பேமென்ட், புகார்னு அஞ்சு ஏரியா. ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சு வேலை. ஒவ்வொரு வேலைக்கும் 400, 401, 404னு அதே எர்ரர் சமாசாரத்தை காப்பி - பேஸ்ட். ஃபைல் ஆயிரக்கணக்கான வரிக்கு ஏறிடும். யாமல்ல ஸ்பேஸ்தான் இலக்கணமே. ரெண்டு ஸ்பேஸ் தள்ளிப்போனா அர்த்தமே மாறிடும். அந்த ஃபைலை நாலு பேரும் ஒரே நேரத்துல எடிட் பண்ணி கிட்ல ஏத்தினா... மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் திருவிழாதான்!

வழி இருக்கு. 'ரெஃப்'ங்கிற மூணு இங்கிலீஷ் எழுத்துக்கு முன்னாடி ஒரு டாலர் குறி. டெக்ஸ்ட் புக்ல 'படம் 4.2 பார்க்க'ன்னு போடுற மாதிரி, 'இந்த விஷயம் அந்த ஃபைல்ல இருக்கு, அங்கே போய்ப் பாரு'ன்னு மெஷினுக்குச் சொல்றது இது.

சரி, எப்படிப் பிரிக்கிறது? என்னைக் கேட்டா, ஆள் பார்த்துப் பிரிங்க. எந்த விஷயங்கள் சேர்ந்து மாறுதோ, யார் அதை மாத்துவாங்களோ, அது ஒரு ஃபைல். ஆர்டர் பார்க்கிறவங்களுக்கு ஆர்டர் ஃபைல், பேமென்ட் பார்க்கிறவங்களுக்கு பேமென்ட் ஃபைல். எர்ரர் ஃபார்மட் மாதிரி எல்லாருக்கும் பொதுவானதுக்குத் தனியா ஒண்ணு. மேலே உட்கார்ற ரூட் ஃபைல்ல பொருளடக்கம் மாதிரி வெர்ஷன், சர்வர் முகவரி, எந்தப் பாதை எந்த ஃபைல்ல இருக்குங்கிற லிஸ்ட். சிலர் ஆர்வக்கோளாறுல ஒவ்வொரு ஸ்கீமாவுக்கும் ஒரு ஃபைல்னு எண்பது துண்டு போட்டுடுவாங்க. அப்புறம் ஃபைல் தேடுறதே முழுநேர வேலை ஆயிடும். மொத்தமே முந்நூறு வரின்னா பிரிக்கவே வேணாம், விட்டுடுங்க.

இனிமேதான் வழுக்குற இடம். ரெஃப்ல எழுதுற பாதை ரூட் ஃபைல்லருந்து கணக்காகாது. அந்த ரெஃப் எந்த ஃபைல்ல இருக்கோ, அங்கேருந்துதான் கணக்கு. ஃபைலை இன்னொரு ஃபோல்டருக்கு நகர்த்தினா உள்ளே இருக்கிற ரெஃப் எல்லாம் அநாதை! இன்னொரு ஃபைலோட உள்பகுதியைக் காட்டும்போது, அதோட பேர்லயே சாய்வுக்கோடு இருந்தா அப்படியே எழுத முடியாது. டில்டே குறி போட்டு ஒண்ணுன்னு எழுதணும். பார்க்கவே கண்றாவியா இருக்கும். அதனால உள்ளே வைக்கிற பேரை எல்லாம் சிம்பிளா வைங்க. இன்னொண்ணு, 3.0 வெர்ஷன்ல ரெஃப் பக்கத்துல நீங்க ஆசையா எழுதுற விளக்கத்தை எந்த டூலும் கண்டுக்கக் கூடாதுங்கிறதுதான் விதி. 2021-ல வந்த 3.1-லதான் அதுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தாங்க.

எல்லாத்தையும் விட நைஸா கழுத்தறுக்கிறது, ரெஃப் போடாம வெறும் பேரை வெச்சே கோக்குற சமாசாரங்கள். லாகின் டோக்கன் எப்படி வேலை செய்யும்ங்கிற செக்யூரிட்டி செட்டிங், டேக் எல்லாம் இந்த ஜாதி. ஆர்டர் ஃபைல்ல 'டோக்கன் செக்யூரிட்டி'ன்னு பேர் மட்டும் இருக்கும். அதோட விவரத்தை எந்த ஃபைல்ல தேடணும்னு ஒவ்வொரு டூலும் ஒவ்வொரு மாதிரி முடிவு பண்ணும். இதையெல்லாம் ரூட் ஃபைல்லயே வெச்சுட்டா வம்பு இல்ல.

பிரிச்சதை அப்படியே வெளியே கொடுத்துடாதீங்க. பல டூல்களுக்கு ஒரே ஃபைல்தான் செரிக்கும். அதுக்குத்தான் 'பண்டில்' பண்றது. ரெடாக்லி மாதிரி கமாண்ட்லைன் டூல்ல ஒரே ஒரு கட்டளை, எல்லாத் துண்டும் ஒண்ணா வந்துடும். இதுலயே 'டீரெஃபரன்ஸ்'னு இன்னொரு வகை. பண்டில், ரெஃப்களை ஒரே ஃபைலுக்குள்ள வெச்சிருக்கும். டீரெஃபரன்ஸ், ரெஃப் இருக்கிற இடத்துலயெல்லாம் விஷயத்தையே முழுசா கொட்டிடும். புகாருக்குப் பதில், பதிலுக்குப் பதில்னு தன்னையே காட்டுற ஸ்கீமா இருந்தா, கொட்டிக்கிட்டே போக வேண்டியதுதான், முடிவே இல்ல!

கிட்ஹப் தன்னோட ஏ.பி.ஐ. டெஃபனிஷனை 2020-ல எல்லாருக்கும் திறந்து விட்டப்போ, அதுல 600-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். பண்டில், டீரெஃபரன்ஸ் ரெண்டு வடிவத்துலயும் ஃபைல் கொடுக்கிறாங்க. ஒரு சாயங்காலம் டவுன்லோடு பண்ணித் திறந்து பாருங்க. உங்க லேப்டாப் முனகுற சத்தம் பக்கத்து ரூமுக்குக் கேட்கும்.

டீம்ல இன்னைக்கே ஒரு சட்டம் போட்டுடுங்க: பண்டில் ஃபைலை யாரும் கையால எடிட் பண்ணக் கூடாது. துண்டுல மாத்து, கமாண்டை ஓட்டு, அவ்வளவுதான். கிட்ல ஏத்துறதுக்கு முன்னாடி ஸ்பெக்ட்ரல் மாதிரி ஒரு லின்ட் டூலையும் ஓட்டிட்டா, அநாதையான ரெஃபை அதுவே காட்டிக்கொடுத்துடும். பேமென்ட் ஃபைல் மாறியிருந்தா, ஆண்ட்ராய்டு பார்க்கிறவர் ஓகே சொன்ன பிறகுதான் மெர்ஜ். அந்த பிரைஸா, அமவுன்ட்டாங்கிற பஞ்சாயத்தையும் அங்கேயே தீர்த்துக்கோங்க.