தொழிலுக்கு ஏற்ற கூரை

ஒரு சிற்றூர் எப்போது வாடத் தொடங்குகிறது? மழை பொய்க்கும்போது என்பீர்கள். உண்மையே. ஆயினும் மழை பெய்யும் ஊர்களும் வாடுவதுண்டு. தந்தை செய்த தொழிலை மகன் வெறுத்து வெளியூர் செல்லும்போது ஊரின் வலிமை சிறிது சிறிதாகக் குறைகிறது. அவன் வெறுப்பதற்கு ஊதியக் குறைவு ஒரு காரணம். தொழிற்கூடத்தின் புகையும் புழுக்கமும் மற்றொரு காரணம். முதற் காரணத்தைப் பலரும் பேசுகின்றனர். இரண்டாவதை இன்று சிந்திப்போம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அண்டை ஊர்களாய் அமைந்துள்ளன. 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நிறுவிய நூற்பாலை ராஜபாளையத்தின் தொழில் வளர்ச்சிக்கு வித்திட்டது. பெரிய ஆலைகளோடு சிறு தொழில்களும் இவ்வட்டாரத்தை வாழவைக்கின்றன. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய பாண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. சுந்தரபாண்டியத்தில் கைத்தறிச் சேலை நெய்கின்றனர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

இத்தொழில்கள் அனைத்திற்கும் ஒரே வகைக் கட்டடம் பொருந்துமா? பொருந்தாது. பால்கோவா கிண்டுபவர் பாலும் சர்க்கரையும் இறுகித் திரளும் வரை அடுப்பின் அருகிலேயே நின்று கிளற வேண்டும். அவருக்கு வேண்டுவது காற்றோட்டம். சூடான காற்று மேலே எழும் என்பது நீங்கள் வகுப்பில் கற்ற பாடம். காற்று வரும் பக்கத்துச் சுவரில் தாழ்வாகத் திறப்புகளும், கூரையின் உச்சியில் வெப்பம் வெளியேற வழியும் அமைத்தால், விசிறி இல்லாமலே காற்று ஓடும். மூடிய அடுப்பும் உயர்ந்த புகைபோக்கியும் அமைந்தால் கண் எரிச்சல் குறையும், விறகும் மிஞ்சும். பால் தரும் மாடே சாணமும் தருகிறது. அதிலிருந்து எரிவாயு பெறலாம். மேற்கே தெரியும் மலைக்காடு சாம்பல் நிற அணிலைக் காப்பதற்காக 1988இல் சரணாலயம் ஆக்கப்பட்டது. 2021 முதல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் விளங்குகிறது. விறகுச் செலவு குறைவது அத்தகைய காடுகளுக்கும் நன்மையன்றோ?

நெசவாளியின் தேவையோ வேறு. வறண்ட காற்றில் பருத்தி இழை எளிதில் அறும். தறியைக் குழியில் அமைத்த முன்னோர் தரையின் ஈரத்தைத் துணையாகக் கொண்டனர். ஆகவே தறிக்கூடத்திற்கு வேண்டியவை மண் தரையும், வெப்பத்தைத் தடுக்கும் தடித்த சுவரும், கண் கூசாத வடதிசை வெளிச்சமுமாகும். இரண்டு கூடங்களுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கட்டும்; மாலை வெயில் தாக்கும் மேற்குப் பக்கம் குறுகலாய் இருந்து மரநிழல் பெறட்டும்.

இனி, எதனால் கட்டுவது? அருகில் கிடைக்கும் பொருளால் வீடு அமைய வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. இங்கிலாந்தில் பிறந்த லாரி பேக்கர் (1917–2007) அதனை மனத்திற் கொண்டு, நம் மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தில் சிக்கனமான கட்டடங்கள் பல எழுப்பினார். செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டை அவர் பரப்பினார். இம்முறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் வெப்பத்தைத் தடுக்கும். ஆரோவில்லிலோ, மண்ணோடு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து அழுத்திய கட்டிகளைக் கொண்டு கட்டுகின்றனர். அவற்றைச் சூளையில் சுட வேண்டுவதில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நனைந்தால் வீங்கி, காய்ந்தால் வெடிக்கும் கரிசல் மண் இதற்கு ஏற்றதன்று; மணற்பாங்கான செம்மண்ணே ஏற்றது.

இதில் ஊருக்கு என்ன லாபம்? இரும்பும் கண்ணாடியும் வாங்கிய பணம் ஊரை விட்டுப் போய்விடும். மண் எடுப்பவர்க்கும் கொத்தனார்க்கும் தச்சர்க்கும் கொடுத்த கூலியோ உள்ளூர்க் கடைக்கே திரும்பி வரும். பயிற்சி பெற்ற கொத்தனார் வேண்டும், ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும் என்பது மெய்தான். ஆனால் அதுவும் உள்ளூரில் ஒருவர்க்கு வேலையே. எப்போதும் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதும் இல்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராய் இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா ராஜபாளையத்திலிருந்த தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்திற்கு அளித்தார். பழைய கட்டடம் புதுப் பணி ஏற்கலாம் என்பதற்கு அஃதொரு சான்று.

மாணவர்களே! உங்கள் தெருவிலுள்ள தொழிற்கூடம் ஒன்றனுள் சென்று பாருங்கள். வெயில் எங்கே விழுகிறது? புகை எவ்வழியே போகிறது? அங்கே நாள் முழுதும் நிற்பவரிடம் அவருடைய குறை யாது என்று கேளுங்கள். தொழிலைக் காக்க விரும்புவோர் முதலில் தொழிலாளியின் மூச்சைக் காக்க வேண்டும்.