உங்களுக்குத் தெரியுமா? புயலில் பனை நின்றது, மயிற்கொன்றை சாய்ந்தது

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. அம்பத்தூர், ஆவடி பகுதிகளும் தப்பவில்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த மயிற்கொன்றையும் தென் அமெரிக்கத் தூங்குமூஞ்சியும் அதிகம் விழுந்தன. விரிந்த கிளைகள் காற்றை வாங்கிக்கொள்ள, தாரும் சிமென்டும் மூடிய மண்ணில் வேர் ஆழம் போக வழியில்லை. கிளையற்ற பனையோ பெரும்பாலும் அசையாமல் நின்றது. ஒரே அடியிலிருந்து கயிறு கயிறாக இறங்கும் சல்லிவேர்கள் அதை இறுகப் பிடித்திருந்தன. நம் மாநில மரமான பனையை ஏரிக்கரைகளில் நட்ட முன்னோர் விவரமானவர்கள்தான்!

கடல் சூடேறச் சூடேற, கடும்புயல்களின் விகிதம் கூடும் என்கிறது அறிவியல். அதனால், வேர் ஆழம் போக உங்கள் வாசல் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது சிமென்ட் பூசாமல் மண்ணாகவே விடுங்கள்.