பில்டு கருவிகளின் கையேட்டில் அடிக்குறிப்பு

பில்டு கருவி என்பது மூலநிரல் கோப்புகளில் எது எதைச் சார்ந்திருக்கிறது என்று கணக்கிட்டு, மாறியவற்றை மட்டும் மறுபடி தொகுத்து, இயங்கும் மென்பொருளை உருவாக்கித் தரும் நிரல். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ இந்த வகையில் மூத்தது. ‘சிமேக்’, ‘நிஞ்ஜா’ போன்றவை பின்னால் வந்தவை. இவற்றுக்குக் கையேடு எழுதுபவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவர் சொல்லும் ஏறக்குறைய எல்லா விதிக்கும் ஒரு விலக்கு இருக்கும். பழைய பதிப்பில் அது செல்லாது. வேறு இயங்குதளத்தில் வேறு விதமாக நடக்கும். விலக்குகளை எல்லாம் வாக்கியத்துக்குள் அடைத்தால் விதி கண்ணில் படாது. விட்டுவிட்டாலோ கையேடு தவறாகிவிடும். அடிக்குறிப்பு கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

எதை அடிக்குறிப்புக்கு அனுப்பலாம் என்பதை மேக்கின் புகழ்பெற்ற டேப் விதியைக் கொண்டே பார்க்கலாம். மேக் படிக்கும் விதிக்கோப்பான மேக்ஃபைலில் கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும்; இடைவெளிகளை இட்டால் பிழை வரும். இது முதன்மை உரையில் இருந்தே தீர வேண்டியது. டேபுக்குப் பதில் வேறோர் எழுத்தை அமைத்துக்கொள்ளும் வசதி மேக்கின் ஒரு வடிவமான ‘க்னூ மேக்’கின் 2010-இல் வெளியான 3.82 பதிப்பில் வந்தது. ‘3.82 முதல்’ என்ற இரண்டு சொற்களும் உரையிலேயே நிற்க வேண்டும், ஏனென்றால் அவை இல்லாமல் படிப்பவரின் பில்டு உடையக்கூடும். ஆப்பிள் தன் கணினிகளுக்குத் தரும் மேக் 2006-இன் 3.81-லேயே நின்றுவிட்டதும், 3.82-இல் உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாறியதும் அடிக்குறிப்புக்கு ஏற்ற செய்திகள். டேப் ஏன் நிலைத்தது என்ற வரலாறும் அப்படித்தான்: பத்துப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால், அவர்களின் கோப்புகள் கெட்டுவிடக் கூடாதென்று ஃபெல்ட்மன் அதை மாற்றாமல் விட்டார். குறிப்பைப் படிக்காமல் தாண்டிப் போனவருக்கும் பில்டு ஓட வேண்டும் என்பதே இதற்கெல்லாம் அளவுகோல். கோப்புகளை அழிக்கும் கட்டளையைப் பற்றிய எச்சரிக்கையை அடிக்குறிப்பில் வைப்பது படிப்பவருக்குச் செய்யும் துரோகம்.

அச்சில் அடிக்குறிப்பு உண்மையிலேயே பக்கத்தின் அடியில் நிற்கும். டொனால்ட் க்னூத்தின் ‘டெக்’ அச்சுக்கோப்பு நிரல், குறிப்பு பிடிக்கும் உயரத்தைப் பக்கத்தின் உயரத்திலிருந்து கழித்துக்கொண்டே பக்கத்தை நிரப்புகிறது. இடம் போதாவிட்டால் குறிப்பைப் பிளந்து மீதியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுகிறது. டெக்கின் மேல் அமைந்த ‘டெக்ஸ்இன்ஃபோ’ வடிவில்தான் க்னூ மேக்கின் கையேடு எழுதப்படுகிறது. அதே மூலக்கோப்பிலிருந்து அச்சுப் புத்தகமும் திரையில் படிக்கும் ‘இன்ஃபோ’ கோப்பும் வரும். இன்ஃபோ கோப்பில் குறிப்புகளை அந்தப் பகுதியின் கடைசியில் வைக்கலாம், அல்லது தனிப் பகுதியாகவே பிரிக்கலாம். அடிக்குறிப்பு கவனத்தைச் சிதறடிக்கும், கூடுமானவரை தவிர்ப்பதே மேல் என்று டெக்ஸ்இன்ஃபோவின் கையேடு அறிவுறுத்துகிறது. குறிப்பு தனிப் பகுதிக்குப் போகும்போது படிப்பவர் உரையை விட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டியிருப்பதைப் பார்த்தால், அந்தக் கண்டிப்பு நியாயமானதே.

இன்று பரவலாக உள்ள இன்னொரு வழி ‘ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்’. பைத்தான் ஆவணங்களுக்காக கேயோர்க் பிரான்டல் உருவாக்கி 2008-இல் வெளியிட்ட ‘ஸ்பிங்க்ஸ்’ இதைப் படித்து வலைப்பக்கமாக்குகிறது. சிமேக்கின் ஆவணமும் இப்படியே எழுதப்படுகிறது. இதில் [1]_ என்று எண்ணைக் கையால் இடலாம். [#]_ என்று எழுதி எண்ணிடும் வேலையைக் கருவியிடமே விடலாம். # குறிக்குப் பின்னால் ஒரு பெயரையும் சேர்க்கலாம். பெயரிடுவதே சிறந்தது. கையேடும் நிரலைப் போலவே பதிப்புக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, பலர் ஒரே நேரத்தில் திருத்துகிறார்கள். கையெண் இட்ட பக்கத்தின் நடுவில் புதுக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தால் அதற்குப் பின்னுள்ள எண்கள் எல்லாம் மாற வேண்டும். இருவர் அதையே செய்தால் திருத்தங்கள் மோதிக்கொள்ளும். பெயரிட்ட குறிப்பில் இந்தத் தொல்லை இல்லை.

[*]_ என்று எழுதினால் எண்ணுக்குப் பதிலாக உடுக்குறி, கத்திக்குறி என்று அடையாளங்கள் வரிசையாக வரும். பில்டு கருவியின் கையேட்டுக்கு இது ஒத்துவராது. உடுக்குறி அங்கே ‘எந்தக் கோப்புப் பெயரும்’ என்று பொருள்படும் குறி. கோப்புப் பெயருக்குப் பின்னால் ஓர் உடுக்குறி ஒட்டிக்கொண்டால் அதைக் கட்டளையின் பகுதி என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். எண்ணிலும் ஆபத்து உண்டு: 3.81-ஐ ஒட்டி மேலே சிறிய 2 நின்றால் அவசரக் கண்ணுக்கு அது 3.812. குறியைப் பதிப்பெண்ணில் ஒட்டாமல் அடுத்த சொல்லின் பின்னால் வைத்தால் போதும்.

1980-களின் கருவிகளுக்கே இருந்த வசதி, 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட ‘மார்க்டவுன்’ வடிவில் இல்லை. [^1] என்ற வடிவம் பிறர் செய்த நீட்சிகளில் வந்தது. நிரல் பகிரும் தளமான கிட்ஹப் 2021-இல்தான் அதை ஏற்றது. நீட்சி இல்லாத இடத்தில் அந்த எழுத்துகள் அப்படியே திரையில் தெரியும். நிஞ்ஜாவின் கையேடு பயன்படுத்தும் ‘ஆஸ்கிடாக்’ வேறு வழி போகிறது: குறிப்பின் வாசகத்தை வாக்கியத்தின் நடுவிலேயே எழுதினால், கருவி அதைப் பிரித்தெடுத்துக் கீழே வைக்கும். திருத்துபவர் உரையையும் குறிப்பையும் சேர்த்தே பார்ப்பதால் ஒன்றை மாற்றி மற்றதை மறக்கும் வாய்ப்பு குறைகிறது.

நிரல் துண்டுக்குள் அடிக்குறிப்பு வேலை செய்யாது. பெரும்பாலான வடிவங்களில் குறி அங்கே வெறும் எழுத்தாகவே நிற்கும். படிப்பவர் துண்டை நகலெடுத்தால் அதுவும் கூடவே போய்ப் பிழை தரும். இதற்காக ஆஸ்கிடாக்கில் <1> என்ற வரிக்குறி தனியாக உண்டு. அதைக் கருத்துரைக் குறிக்குப் பின்னால் வைத்துவிட்டால் நகலெடுத்த துண்டும் ஓடும், விளக்கம் துண்டின் கீழேயே வரும். மற்ற வடிவங்களில் துண்டுக்கு முந்தைய வாக்கியத்தில் குறியை வைப்பதே பாதுகாப்பானது.

எழுதிய குறிப்பைக் காக்கும் வேலையில் ஒரு பகுதியை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். எந்த இடத்திலிருந்தும் சுட்டப்படாத குறிப்பு இருந்தால் ஸ்பிங்க்ஸ் எச்சரிக்கும். எச்சரிக்கைகளைப் பிழையாகக் கொள்ளச் சொன்னால் ஆவணத்தின் பில்டு தோல்வியில் முடியும். குறிப்பு சொல்லும் பதிப்பு இன்னும் ஆதரவில் உள்ளதா என்பதை அது பார்ப்பதில்லை. மென்பொருளுக்குத் தேவையான குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்தும் அதே திருத்தத்திலேயே பழைய பதிப்பெண்ணைக் கையேடு முழுவதும் தேடி, காலாவதியான குறிப்புகளை நீக்கிவிட வேண்டும்.