பின்னால் வரும் வீடு

மோட்டார்க் காருக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி வருவது, பிரிட்டனில் பல குடும்பங்களுக்கு மிகப் பிடித்தமான விடுமுறைப் பழக்கம். அந்தச் சக்கர வீட்டுக்குக் ‘கேரவன்’ என்று பெயர். நம் ஊர்ப் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியையும் அப்படித்தான் சொல்கிறோம். மாணவ நேயர்களே, நான் இன்று சொல்ல வந்தது அதைப் பற்றி அன்று. தனக்கென ஓர் இயந்திரம் இல்லாமல், காரின் பின்புறத்தில் பொருத்திய ஓர் இரும்புக் குண்டின்மீது தன் மூக்கை வைத்துக்கொண்டு, கார் போகும் வழியெல்லாம் தொடர்ந்து வரும் வீட்டைப் பற்றியே சொல்லப் போகிறேன். உள்ளே படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, பாத்திரம் கழுவத் தொட்டியும் உண்டு. பார்ப்பதற்கு விளையாட்டு வீடு போலத்தான் இருக்கும். ஆயினும் அதைச் சாலையில் இழுத்துச் செல்வதில் பௌதிகமும் இருக்கிறது, நன்னடத்தையும் இருக்கிறது. இவ்விரண்டையும் தனித்தனியே பிரிக்க முடியாது என்பது என் எண்ணம்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் என்று வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை வைத்தியரைச் சொல்வதுண்டு. அவர் 1885-இல் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் ‘வாண்டரர்’, அதாவது ‘நாடோடி’ என்ற பெயரில் ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, தெற்கே ட்வைஃபோர்டு என்ற ஊரிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை சென்றார். வண்டியோ ஏறக்குறைய இரண்டு டன் எடை. சாலைகளோ குறுகியவை. ஆகவே அவருடைய பணியாள் ஒரு மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று, பெரிய வண்டி வருகிறதென்று எதிரே வருவோரை எச்சரிப்பார். பிறருக்கு இடைஞ்சல் ஆகாமல் செல்லவேண்டும் என்ற எண்ணம் அந்த முதல் பிரயாணத்திலேயே தோன்றிவிட்டதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. 1907-இல் இத்தகைய வண்டிக்காரர்களுக்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டது. 1919 முதல் கார்கள் இழுக்கும் கேரவன்களை எக்கில்ஸ் என்ற நிறுவனத்தார் செய்து விற்கலாயினர். குதிரை போய்க் கார் வந்ததும் வேகம் வந்தது. வேகத்தோடு ஆபத்தும் வந்தது.

அந்த ஆபத்து எங்கே தொடங்குகிறது? சாலையில் என்றுதான் யாரும் எண்ணுவர். உண்மையில் அது பெரும்பாலும் வீட்டு வாசலில், சாமான்களை ஏற்றும்போதே தொடங்கிவிடுகிறது. நம் நாட்டு மாட்டுவண்டிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் மாடு கழுத்தொடிந்து நிற்கும். கேரவனுக்கும் இதே நியாயந்தான். அதன் மூக்கு, காரின் குண்டின்மேல் ஓரளவு அழுத்தவேண்டும். சுமையோடு கூடிய கேரவனின் எடையில் 100-க்கு 5 முதல் 7 பங்கு வரை அந்த முன்பாரம் இருப்பது நல்லது என்பது பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் பின்பற்றும் அளவு. 1,200 கிலோகிராம் கேரவனுக்கு இது 60 முதல் 84 கிலோகிராம் ஆகும். காரும் கொக்கியும் தாங்கக்கூடிய வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வரம்பையே கொள்ளவேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு. கேரவனின் எடை, இழுக்கும் காரின் எடையில் 100-க்கு 85-ஐத் தாண்டாமல் இருக்கட்டும் என்று புதியவர்களுக்கு அறிவுரை கூறுகிறார்கள். இது சட்டமன்று, அனுபவத்தால் வந்த எல்லை. 1,500 கிலோகிராம் காருக்கு 1,275 கிலோகிராம் கேரவன் என்று ஆகிறது.

பின்பாரம் மிகுந்த கேரவன் வேகமாகச் செல்லும்போது என்ன ஆகும்? ஒரு காற்று வீச்சு போதும்; அல்லது ஒரு பெரிய லாரி முந்திச் செல்வது போதும். லாரி நெருங்கும்போது அது தள்ளிவரும் காற்று கேரவனை வெளிப்புறமாகத் தள்ளுகிறது; கடந்து செல்லும்போது உள்ளே இழுக்கிறது. கேரவனின் வால் ஒரு பக்கம் அசைந்தால் அதன் மூக்கு காரின் பின்புறத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். குறைந்த வேகத்தில், சக்கரங்களின் பிடிப்பு இந்த ஊசலாட்டத்தை இரண்டொரு அசைவில் அடக்கிவிடும். வேகம் கூடக்கூட அந்த அடக்கும் ஆற்றல் குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஒவ்வோர் அசைவும் முந்தியதைவிடப் பெரிதாகிக்கொண்டே போகும். பாம்பு நெளிவதுபோல் இருப்பதால் ஆங்கிலேயர் இதற்குப் பாம்பின் பெயரையே இட்டிருக்கிறார்கள். கனமான சாமான்கள் வால்பக்கத்தில் இருந்தால் இந்த நெளிவு குறைந்த வேகத்திலேயே தொடங்கிவிடும். முடிவில் வீடும் காரும் சேர்ந்து சாலையின் குறுக்கே கவிழக்கூடும்.

அந்நேரத்தில் மனிதனுடைய கால் தானாகவே பிரேக்கைத் தேடும். பலமாக மிதிப்பது ஆபத்தை வளர்க்கும். வேகத்தைக் கூட்டி நெளிவை இழுத்து நிமிர்த்திவிடலாம் என்று சிலர் நம்புவது அதைவிட மோசம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானே தணியும்வரை பொறுத்திருப்பதே வழி. சொல்வது எளிது. ஆதலால்தான் புறப்படுமுன் கனமான பொருள்களை அச்சுக்கு மேலே, தரைமட்டத்தில் வைத்து, இலேசான துணிமணிகளை மட்டும் மேல் அலமாரிகளில் வைப்பதை நான் முதற்கடமை என்று கருதுகிறேன். 1997 ஜனவரி முதல் கார் ஓட்டும் தேர்வில் தேறியவர்கள், கனமான இணைப்புகளை இழுக்க முன்பு தனித் தேர்வு ஒன்றில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் அது நீக்கப்பட்டது. இனி இதையெல்லாம் கற்றுக்கொள்வது ஓட்டுபவரின் சொந்தப் பொறுப்பு.

இனிப் பின்னால் வருவோரைக் கவனிப்போம். பிரிட்டனில் நடுத்தடுப்பில்லாத சாதாரண நாட்டுப்புறச் சாலையில் கார்களுக்கு மணிக்கு 60 மைல் எல்லை. கேரவன் இழுக்கும் காருக்கு 50 மைல். மோட்டார்ப் பெருஞ்சாலையில் கேரவனுக்கு 60 மைல் வரை அனுமதி உண்டு. ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் இருந்தால் வலது கடைசித் தடத்தில் செல்லக்கூடாது. ஓடும் கேரவனுக்குள் யாரும் உட்கார்ந்து வரவும் கூடாது.

நாட்டுப்புறச் சாலையில் 50 மைல் வேகத்தில் செல்லும் கேரவனை 60 மைலில் செல்லும் கார் ஒன்று முந்த விரும்புகிறது என்று கொள்ளுங்கள். இழுக்கும் காரும் கேரவனும் சேர்ந்து ஏறத்தாழ 11½ மீட்டர் நீளம். முந்தும் காரின் நீளத்தையும், முன்னும் பின்னும் 20 மீட்டர் இடைவெளியையும் சேர்த்தால் 56 மீட்டர் ஆகிறது. இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசமோ நொடிக்கு 4½ மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே முந்துவதற்குப் பன்னிரண்டரை நொடி வேண்டும். அதற்குள் அந்தக் கார் 335 மீட்டர் ஓடிவிடும். எதிரே அதே வேகத்தில் வரும் வண்டியும் அவ்வளவே ஓடியிருக்கும். அப்படியானால் ஏறக்குறைய 670 மீட்டர் சாலை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும்! வளைவும் மேடும் வேலிப்புதர்களும் நிறைந்த அந்நாட்டுச் சாலைகளில் அவ்வளவு நேர்ப்பாதை எளிதில் கிடைக்குமா? பத்து வண்டிகள் பின்னால் சேர்ந்துவிட்டால், பொறுமை இழந்த ஒருவர் துணிந்துவிடுவார். அவருக்கு எதிரே வருபவர் ஒரு பாவமும் அறியாதவராக இருப்பார்.

இதனால்தான் அந்நாட்டுச் சாலை விதிநூல், மெதுவாகச் செல்லும் பெரிய வண்டிக்காரர்கள் கண்ணாடியை அடிக்கடி பார்த்து, வரிசை நீண்டுவிட்டால் பத்திரமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுமாறு சொல்கிறது. கேரவன் காரைவிட அகலமானது. ஆதலால் காரின் சொந்தக் கண்ணாடியில் பின்னால் வருவோர் தெரியமாட்டார்கள். இருபுறமும் நீட்டுக் கண்ணாடி பொருத்திக்கொள்ளவேண்டும். இரண்டு கேரவன்கள் ஒன்றாகப் பிரயாணம் செய்தால் ஒன்றையொன்று ஒட்டிச் செல்லாமல், முந்துபவர் இடையில் புகுந்துகொள்ள இடம்விட வேண்டும்.

நண்பர் ஒருவருடன் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் இவ்வாறு சென்றிருக்கிறேன். அங்கே பல சாலைகள் ஒரே ஒரு வண்டி செல்லும் அகலமே உடையவை. ஆங்காங்கே ஒதுங்குமிடங்கள் இருக்கும். எதிரே வருபவருக்காக மட்டுமன்றி, பின்னால் வருபவருக்காகவும் நண்பர் அவற்றில் நின்றார். ஒருமுறை ஏழெட்டுக் கார்கள் கடந்து சென்றன. ஒவ்வொருவரும் கை உயர்த்தி நன்றி காட்டினர். எங்களுக்கு ஒரு நிமிஷம் தாமதம்; அவ்வளவுதான்.

சில வழிகளில் போகாமலிருப்பதே நல்லது. யார்க்ஷயரில் சட்டன் பாங்க் என்ற ஏற்றம் நாலுக்கு ஒன்று என்ற சரிவுடையது. பாதி ஏற்றத்தில் ஒரு கேரவன் நின்றுவிட்டால் சாலை முழுதும் அடைபட்டுப் போகும். ஆகவே அங்கே கேரவன்களுக்குத் தடை. ஸ்காட்லாந்தில் ஆப்பிள்கிராஸ் என்ற ஊருக்குச் செல்லும் பெலாக் ந பா, அதாவது ‘கால்நடைக் கணவாய்’, கொண்டைஊசி வளைவுகளாக 626 மீட்டர் உயரம் ஏறி இறங்குகிறது. கேரவன்களுக்கு ஏற்றதன்று என்று அடிவாரத்திலேயே பலகை எச்சரிக்கிறது. எங்கள் நண்பர் அந்தப் பலகை வரைக்கும் போகவில்லை. காலையிலேயே வரைபடத்தைப் பார்த்து, கடலோரமாக ஷீல்டெய்க் வழியே சுற்றிச் செல்லும் நீண்ட சாலையைத் தேர்ந்துகொண்டார். மாலை வெயிலில் ஸ்கை தீவின் மலைகள் கடலுக்கு அப்பால் தெரிந்தன.