மழைக்கால மும்பைக்கு மூட்டை கட்டுவோருக்கு

பிரயாணம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் இல்லங்களில் முதலில் அசைவது பரண்மேல் இருக்கும் பெட்டிதான். தில்லியில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் மும்பையில் உறவினர் இல்லாத வீடு அரிது. மாதுங்காவிலோ செம்பூரிலோ ஒரு சித்தப்பாவின் குடும்பமோ, ஓர் அத்தையின் குடும்பமோ இருக்கவே செய்யும். பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை, வேலையில் சேரும் உத்தரவு, ஆவணி மாதத்துக் கல்யாணம் ஆகியவையோ பெரும்பாலும் மழைக்காலத்திலேயே வந்து வாய்க்கின்றன. ரயில்வேயில் சாமான்கள் பதிவு செய்யும் பகுதியில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு, மும்பைக்குப் போகும் பெட்டிகளையும் அங்கிருந்து திரும்பும் பெட்டிகளையும் அன்றாடம் காணும் வாய்ப்பு உண்டு. புடைத்துக் கொண்டு போன பெட்டி பூஞ்சண வாடையோடு திரும்பி வருவதைப் பலமுறை கண்டதன் விளைவே இக்கட்டுரை.

நம்மவர் செய்யும் ஏற்பாடுகள் யாவும் மழையில் நனையாமல் இருப்பதற்கே. குடை, மழைக்கோட்டு, தலைக்கு ஒரு தொப்பி என்று சேகரிக்கிறோம். ஆனால் மும்பை மழையில் நனையாமல் இருக்க எவராலும் இயலாது. நனைந்தது உலருமா என்பதே அங்குள்ள கேள்வி. தில்லியில் ஜூன் மாத வெயிலில் துவைத்துப் போட்ட வேட்டி கால் மணி நேரத்தில் அப்பளம் போல் காய்ந்துவிடும். மும்பையில் அதே வேட்டி கொடியில் இரண்டு நாள் தொங்கியும் ஈரம் போகாது. ஜூலை மாதத்தில் அங்கே வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். தில்லிவாசிக்கு அது ஒரு வெப்பமே அன்று. ஆயினும் காற்று ஏற்கெனவே நீராவியைச் சுமந்து நிற்பதால், துணியின் ஈரத்தையும் உடலின் வியர்வையையும் அது எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே பெட்டியில் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, “இது நனைந்தால் எத்தனை நாழிகையில் உலரும்?” என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பொருள்கள் தாமாகவே பரணுக்குத் திரும்பிவிடும்.

முதலில் உடைகளை எடுத்துக்கொள்வோம். முரட்டு ஜீன்ஸ் கால்சட்டை நனைந்தால் கல்லாய்க் கனக்கும்; உலர்வதற்குள் நீங்கள் ஊர் திரும்ப வேண்டிய நாள் வந்துவிடும். டெரிகாட்டன் துணியும் மெல்லிய பருத்தியும் உத்தமம். கனத்த டர்க்கி டவலை வீட்டிலேயே விட்டுவிட்டு, நம் ஊர் ஈரிழைத் துண்டு நான்கு எடுத்துச் செல்லுங்கள். பிழிந்து மின்விசிறியின் கீழ் விரித்தால் விடிவதற்குள் காய்வது அதுவே. ஐந்து நாள் தங்குவதற்கு மேலுடை நான்கு போதும். உள்ளாடைகள் மட்டும் எட்டு வேண்டும். ஈர உள்ளாடையோடு இருப்பதால்தான் தொடையிடுக்கில் படை தோன்றி, ஊர் திரும்பிய பின்னும் தொல்லை தருகிறது. நைலான் கயிறு ஒன்றும், பத்துப் பன்னிரண்டு கிளிப்புகளும் இருந்தால் உறவினர் வீட்டுக் கொடியில் இடம் தேடி நிற்க வேண்டியதில்லை.

கல்யாணத்திற்குச் செல்லும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பட்டுச் சேலையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறையிட்டு எடுத்துச் செல்லுங்கள். போய்ச் சேர்ந்தவுடன் பிளாஸ்டிக்கை அகற்றிவிட வேண்டும். உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியின்றி, ஜரிகை கறுக்கவும் பட்டில் புள்ளி விழவும் அதுவே காரணமாகும். பாச்சை உருண்டை பூச்சியைத்தான் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஓரிரவு வைப்பதும் கூடாது.

காலுக்குத் தோல் செருப்பு ஆகாது. ஈரத்தில் தையல் விட்டுப்போகும். மறுநாள் பூஞ்சணம் பூக்கும். வெறும் ரப்பர் செருப்போ, தேங்கிய நீரில் காலை விட்டுக் கழன்று ஓடிவிடும். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வாருடைய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் செருப்பே மும்பைக்காரர்கள் அணிவது. சக்கரம் வைத்த பெட்டியும் நீர் தேங்கிய நடைபாதையில் பயன்படாது; அடிப்பக்கம் ஊறிவிடும். முதுகில் மாட்டும் பையே தக்கது.

பலகாரம் கட்டுவதிலும் இதே விதிதான். இட்லி மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, வடாம் முதலியவற்றைக் காகிதப் பொட்டலமாகக் கொண்டு சென்றால் இரண்டே நாளில் நமுத்துவிடும். இறுக மூடும் டப்பாவில் அடைத்து, உலர்ந்த கரண்டியால் மட்டுமே எடுக்க வேண்டும்.

இனி, இவை எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். நம் வட்டாரத்து அன்பர் ஒருவரின் மகன் மும்பையில் முதல் வேலையில் சேரச் சென்றான். பட்டச் சான்றிதழைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அவன் தாயார் பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே வைத்திருந்தார். பெட்டி டாக்சியின் கூரையில் ஒரு மணி நேரம் பிரயாணம் செய்தது. அலுவலகத்தில் எடுத்து நீட்டியபோது காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கையொப்பம் நீலக் கறையாகி இருந்தது. மறுபிரதி கிடைக்கும் வரை அந்தப் பிள்ளை பட்ட மனவேதனை கொஞ்சமன்று. சான்றிதழ், டிக்கெட், ஆதார் அட்டை, மருந்துச் சீட்டு ஆகியவற்றை நீர் புகாத ஜிப் உறைகள் இரண்டில், ஒன்றினுள் ஒன்றாக இட்டு, தோளோடு இருக்கும் பையில் வையுங்கள். நகல்கள் வேறு பையில் இருக்கட்டும்.

அந்தத் தோள்பையே உங்கள் உண்மையான துணை. மும்பையின் மழைநீர் அரபிக்கடலில்தான் வடிய வேண்டும். பெருமழையும் கடலின் பேரலை ஏற்றமும் ஒரே நேரத்தில் நேர்ந்தால், வடிகால்களின் நீர் கடலில் இறங்க இயலாமல் நகருக்குள்ளேயே நின்றுவிடும். தாதருக்கு அருகிலுள்ள ஹிந்த்மாதா, அந்தேரி சுரங்கப்பாதை போன்ற தாழ்ந்த இடங்கள் அப்போது குளமாகும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்தது. தில்லியில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதே ஏறத்தாழ 770 மி.மீ. தான் என்பதை எண்ணிப் பாருங்கள். மின்சார ரயில்கள் நின்றன. எண்ணற்றோர் அலுவலகங்களிலும் ரயில் நிலையங்களிலும் இரவைக் கழித்தனர். அப்படி ஓர் இரவு நேர்ந்தாலும் சமாளிக்க, ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, குடிநீர், பிஸ்கோத்து, டார்ச் விளக்கு, கைப்பேசிக்கு உபரி மின்சாரம் தரும் பவர் பேங்க், பெரியவர்களின் இரண்டு நாள் மருந்து ஆகியவை தோள்பையில் எப்போதும் இருக்க வேண்டும். கடல் ஏற்ற நேரங்கள் செய்தித்தாள்களில் வெளியாகின்றன; அவற்றைப் பார்த்து வெளியே கிளம்புவது விவேகம்.

தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருப்பதால், காலில் உள்ள சிறு புண் வழியாகவும் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். ஆகவே நீர் புகாத பிளாஸ்திரி அவசியம். புண்ணோடு நீரில் நடக்க நேர்ந்தால், சோப்பிட்டுக் கழுவி, காய்ச்சல் வரும் வரை காத்திராமல் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரைக் கண்டு, தடுப்பு மருந்து தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொசுவுக்கான களிம்பையும் மறவாதீர்கள்.

கடைசியாக, என் உத்தியோக முறையில் ஒரு வேண்டுகோள். படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 40 கிலோவும், இரண்டடுக்கு ஏ.சி.யில் 50 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். அனுமதி உண்டு என்பதற்காக அத்தனையும் நிரப்ப வேண்டியதில்லை. தில்லி வண்டிகளில் சில மும்பை சென்ட்ரலிலும், சில பாந்த்ரா டெர்மினஸிலும், பஞ்சாப் மெயில் சத்திரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸிலும் போய் நிற்கின்றன. எங்கு இறங்கினாலும், கொட்டும் மழையில் அந்தச் சுமையைத் தூக்கப் போவது உங்கள் கைதான். ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையின் கையும் பிடிக்க இயலுமானால், உங்கள் மூட்டை சரியான அளவில் இருக்கிறது என்று கொள்ளலாம்.