தோளைக் கெடுக்காமல் பாரம் தள்ளுவது எப்படி?

தாபோடியில் எஸ்.டி. பஸ் பட்டறைத் தொழிலாளர்களும் உண்டு. லோக்கல் பிடித்து ஆபீஸ் போகும் குமாஸ்தாக்களும் உண்டு. ஒருவர் நாள் முழுவதும் தூக்குகிறார். மற்றவர் குனிந்தே எழுதுகிறார். பாரத்தைத் தலைக்கு மேல் தள்ளும் பழக்கம் இருவருக்குமே குறைவு.

தள்ளும் பயிற்சி நமக்குப் புதிதல்ல. நம் ஊர்த் தண்டாலும், மராட்டியர் தாலீமில் போடும் 'தண்ட்'டும் அதுதான். ரஷ்யாவில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டே இன்றைய 'கெட்டில்பெல்'. 'பூட்' என்ற பழைய ரஷ்ய எடை சுமார் 16 கிலோ.

முதல் நாளே அந்தப் பதினாறைத் தூக்குவதுதான் இளைஞர்கள் செய்யும் தவறு. குண்டின் பாரம் பிடிக்கு வெளியே தொங்குகிறது. பழகாத மணிக்கட்டு மடங்கும்; தோள் பிசகும்.

முதலில் பத்துத் தண்டால் சிரமமின்றி வர வேண்டும். பிறகு 8 கிலோ போதும். குண்டு முன்கையின் வெளிப்புறம் சாய்ந்திருக்க, மணிக்கட்டை நேராகவும் முழங்கையை விலாவை ஒட்டியும் வைத்து, வயிற்றை இறுக்கி, மூச்சை விட்டபடி மேலே தள்ள வேண்டும். இடுப்பைப் பின்னால் வளைக்கக் கூடாது. கைக்கு ஐந்து முறை செய்யலாம்.

தோளில் சுரீரென்றால் அன்றைக்கு அதோடு நிறுத்துவதே புத்திசாலித்தனம். தினக்கூலிக்காரருக்குத் தோள்தான் முதல். அதற்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது.