தடுப்பூசிக்கும் உண்டு பரீட்சை!

உங்களைப் போலவே தடுப்பூசிக்கும் பரீட்சை உண்டு, தெரியுமா?

மலேரியா, கொசுவால் பரவும் காய்ச்சல். ஆப்பிரிக்காவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிஞ்சுகளையே இது அதிகம் பலி வாங்குகிறது. 2019-ல் கானா, கென்யா, மலாவி நாடுகளில் குழந்தைகளுக்கு மலேரியா தடுப்பூசி போடத் தொடங்கினர்.

அதன்பின் இறப்பு குறைந்தால், 'எல்லாம் தடுப்பூசியால்தான்' என்று சொல்லிவிடலாமா? கூடாது! மழை குறைந்து, கொசுவும் குறைந்திருக்கலாம். கொசுவலை கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது?

குலுக்கல் முறையில் பகுதிகளைப் பிரித்தனர். சில பகுதிகளுக்கு முதலில் தடுப்பூசி, மற்றவற்றுக்குப் பிறகு. மழையும் கொசுவும் இரு பக்கமும் பொதுதானே! இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்கெடுத்தனர்.

பலன் தெரியத் தொடங்கியதும், 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. காத்திருந்த பகுதிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. 2023-ல் முழுக் கணக்கு வந்தது. தடுப்பூசி போட்ட பகுதிகளில், தடுப்பூசி வயதுக் குழந்தைகளின் இறப்பு, விபத்துகள் நீங்கலாக, 13 சதவீதம் குறைவு. அதாவது, நூறு குழந்தைகள் இறந்திருக்கக்கூடிய இடத்தில், 13 பேர் பிழைத்தனர்!

இனி யாராவது, 'இது நல்ல பலன் தரும்' என்றால், 'எதோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். கேட்பீர்கள்தானே?